15 லட்சம் ஆண்டுக் கதை சொல்லும் கொற்றலை ஆறு!

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரெயிலில் போகிறவர்கள், எண்ணூரைத் தாண்டியதும் ஒரு பாலத்தைக் கடக்கிறார்கள். கீழே அகன்ற நீர்ப்பரப்பு. தூரத்தில் உயர்ந்த புகைபோக்கிகள்.

அதுதான் கொற்றலை ஆறு. கொசஸ்தலை ஆறு என்றும் சொல்வார்கள். சுமார் 136 கிலோ மீட்டர் ஓடி வந்து எண்ணூரில் கடலோடு கலக்கிறது.

உலகத்து அறிஞர்கள் வியந்து பேசும் ஆறு இது!

கல்லிலே கோடரி

1863-ம் ஆண்டு மே மாதம். ராபர்ட் புரூஸ் பூட் என்ற ஆங்கிலேயர் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். பாறைகளை ஆராயும் அரசாங்க இலாகாவில் அவருக்கு வேலை. அந்தக் கல் தானாக உடைந்தது அல்ல. கையால் செதுக்கிய கற்கோடரி!

அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங் என்பவரும் அத்திரம்பாக்கத்துக்குப் போனார்கள். அது திருவள்ளூர் மாவட்டத்தில், கொற்றலை ஆற்றின் அருகே உள்ள ஊர். அங்கேயும் கற்கருவிகள் கிடைத்தன.

பிற்காலத்தில் சாந்தி பப்பு தலைமையில் அங்கே ஆழமாகத் தோண்டினார்கள். அடியில் கிடந்த கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் அறிவித்தார்கள். எப்படிப் பார்த்தாலும் 10 லட்சத்துக்குக் குறையாது என்றார்கள்.

கல்லுக்கு வயது சொல்வது எப்படி?

வானவெளியிலிருந்து வரும் கதிர்கள் கல்லில் ஓர் அடையாளத்தை உண்டாக்குகின்றன. கல் ஆழமாகப் புதைந்ததும் அந்த அடையாளம் சிறிது சிறிதாகக் குறையும். எவ்வளவு குறைந்தது என்று அளந்தால், புதைந்த காலம் தெரிந்துவிடும்.

அந்தக் கருவிகளைச் செய்தவர்கள் மனித குலத்தின் பழைய உறவினர்கள். அவர்களுக்கு அங்கே தண்ணீர் இருந்தது. செதுக்கக் கல் இருந்தது. விலங்குகளும் இருந்தன. குதிரை இனத்துப் பல்லும் மாட்டினத்துப் பல்லும் அந்த மண்ணில் கிடைத்திருக்கின்றன.

சேற்றில் வளரும் செல்வம்

அந்த ஆறு இன்றும் சோறு போடுகிறது.

எண்ணூர் முகத்துவாரத்தில் நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கின்றன. அங்கே அலையாத்தி மரங்கள் வளர்கின்றன. அவற்றின் வேர்கள் சேற்றுக்கு மேலே குச்சி குச்சியாக நீட்டி மூச்சு விடுகின்றன! கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் இங்கே வந்துதான் வளர்கின்றன. மடவை மீனும் நண்டும் இங்கே உண்டு.

படகு இல்லாத ஏழைகள் நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். இருளர் மக்களும் இப்படிப் பிடிப்பதுண்டு. பிடித்ததை ஓலைப் பறியில் போட்டுக்கொள்கிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகும் வெள்ளத்துக்கும் கடலுக்குப் போக இதுவே வழி. இந்த வழி குறுகினால் தண்ணீர் வீட்டுக்குள் வரும்.

எண்ணெய் வந்த நாள்

ஆலைகள் பெருகின. அனல் மின் நிலையச் சாம்பல் ஆற்றில் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, மணலிப் பக்கமிருந்து எண்ணெயும் வெள்ளத்தோடு வந்தது. வலைகள் கறுத்தன. கூழைக்கடாப் பறவைகளின் சிறகில் எண்ணெய் அப்பியது. மீனவர்கள் வாளியாலும் குவளையாலும் அதை அள்ளினார்கள்.

15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கம் ஆட்களை வரவழைத்தது தண்ணீர். இன்று எண்ணூர் மீனவர் வீட்டில் உலை கொதிப்பதும் அந்தத் தண்ணீரால்தான். அது கெட்டால் கற்கோடரி கண்காட்சியில் இருக்கும். பறியில் இறால் இருக்காது!