விரலில் தெரியும் எண்ணும் நாடியில் ஓடும் ஒட்சிசனும்

அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் என்னிடம் உறவினர்கள் அதிகம் கேட்பது இதைத்தான்: "டொக்டர், ஒட்சிசன் எவ்வளவு நிக்குது?" கொரோனாக் காலத்தில் விரலில் மாட்டும் கருவி வீடுகளுக்கும் வந்துவிட்டது. 95 இற்கு மேல் என்றால் நல்லது என்று பலருக்கும் தெரியும். ஆனால் செயற்கைச் சுவாசக் கருவியில் இருப்பவருக்கு அந்த எண் மட்டும் போதாது.

இதன் தத்துவத்தை 1970களில் கண்டறிந்தவர் ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அயோயாகி. சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரலினூடாகச் செல்லும். ஒட்சிசன் ஏற்றிய ஈமோகுளோபினும் ஏற்றாததும் அவற்றை வெவ்வேறு அளவில் உறிஞ்சும். நாடித்துடிப்போடு மாறும் ஒளியை மட்டும் பிரித்தெடுத்துக் கருவி கணக்கிடும். ஆகவே குருதி அழுத்தம் வீழ்ந்து விரல் குளிர்ந்தால் எண் தடுமாறும்.

அதைவிட ஏமாற்றக்கூடியது குருதியிழப்பு. கருவி சொல்வது வீதத்தை, அளவை அல்ல. பத்து பஸ் ஓடிய பாதையில் மூன்றே ஓடினாலும், மூன்றும் நிரம்பியிருந்தால் "நூறு வீதம்" என்றுதான் அது சொல்லும். பெருங்காயத்தில் குருதி இழந்தவருக்கும் 99 காட்டலாம். உடலோ ஒட்சிசனுக்குத் தவிக்கும். போர்க்காலத்தில் காயப்பட்டவர்களுக்குக் குருதி தேடி அலைந்தவர்களுக்கு இது விளங்கும். மூடிய அறையில் ஜெனரேற்றர் புகையைச் சுவாசித்தவருக்கும் எண் நன்றாகவே தெரியும். காபனோரொட்சைட்டு ஏறிய ஈமோகுளோபினை இக்கருவி ஒட்சிசன் ஏறியதாகவே எடுத்துக்கொள்ளும்.

தோல் நிறமும் உண்டு. 2020 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், கருவி 92 முதல் 96 வரை காட்டியவர்களில் உண்மையில் 88 இற்குக் கீழே இருந்தோர் வெள்ளையரில் 3.6 வீதம், கறுப்பினத்தவரில் 11.7 வீதம். கருமையான தோலுள்ள எங்களுக்கும் இது யோசிக்க வேண்டிய விடயம்.

அதனால்தான் மணிக்கட்டு நாடியிலிருந்து நேரடியாகக் குருதி எடுக்கிறோம். "ஏன் திரும்பத் திரும்ப ரத்தம் எடுக்கிறியள்?" என்று தாய்மார் கலங்குவார்கள். ஒருமுறைக்கு ஓரிரு மில்லிலீற்றர்தான். அதில் ஒட்சிசனின் அழுத்தம் தெரியும். சுகதேகிக்கு அது 80 முதல் 100 மில்லிமீற்றர் இரசம். காபனீரொட்சைட்டும் குருதியின் அமிலத்தன்மையும் கூடவே தெரியும். விரல் கருவியால் இவ்விரண்டையும் சொல்லவே முடியாது.

எண் 99 இலிருந்து 94 இற்கு இறங்கினால் உடனே பதறாதீர்கள். மிகையான ஒட்சிசன் சுவாசப்பையைப் பாதிக்கும் என்பதால் நாங்களே குறைத்திருக்கலாம். "இப்ப எத்தனை வீதம் ஒட்சிசன் குடுக்கிறியள்?" என்று கேளுங்கள். 80 வீதம் கொடுத்து 99 நிற்பதைவிட, 40 வீதத்தில் 94 நிற்பவரின் சுவாசப்பை நல்ல நிலையில் இருக்கிறது.