நிரலாளர் குழுவுக்கான திறமூலக் கருத்துக்கள மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல்

கருத்துக்களம் என்பது ஒரு குழுவினர் எழுப்பும் கேள்விகளும் அவற்றுக்கான மறுமொழிகளும் தலைப்புவாரியாகச் சேர்ந்து நிற்கும் இணையத்தளம் ஆகும். அதை இயக்கும் மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமம் இடமளித்தால், அது திறமூலக் கருத்துக்கள மென்பொருள் எனப்படும். பிஎச்பிபிபி, டிஸ்கோர்ஸ், ஃபிளாரம், நோட்பிபி ஆகியவை இவ்வகையில் பரவலாகப் பயன்படுகின்றன.

தேவை

தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் மாணவர்கள் பதினோராம் வகுப்பில் சி++ மொழியையும், பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானையும் படிக்கிறார்கள். அறந்தாங்கியிலோ ஆலங்குடியிலோ தமிழ்வழியில் படிக்கும் மாணவருக்கு மாலையில் எழும் ஐயம், பெரும்பாலும் ஒரு வாட்ஸ்அப் குழுவில்தான் போய் விழுகிறது. யாராவது பதில் சொல்லியும் விடுகிறார்கள். ஆனால் அடுத்த ஆண்டு மாணவருக்கு அந்தப் பதில் கிடைப்பதில்லை. அதே கேள்வி மறுபடி கேட்கப்படுகிறது. போதாக்குறைக்கு, கைபேசித் திரையின் அகலத்துக்கேற்ப நிரல் வரிகள் மடிந்துவிடும். உள்தள்ளலே இலக்கணமாக அமைந்த பைத்தானில், எது உள்தள்ளல், எது வரிமடிப்பு என்று தெரியாவிட்டால் நிரலைப் படிக்கவே முடியாது.

புதுக்கோட்டையில் கணினித் தமிழ்ச் சங்கம் இணையத் தமிழ்ப் பயிற்சி முகாம்களை நடத்தியுள்ளது. 2015 அக்டோபரில் தமிழ் வலைப்பதிவர் சந்திப்பும் இங்கு நடைபெற்றது. இத்தகைய முகாம் முடிந்து வீடு திரும்பியவர்கள் பிறகு எங்கே கேட்பது என்பதற்கு ஒரு நிலையான இடம் வேண்டும். கருத்துக்களம் அந்த இடமாக இருக்க முடியும்.

இரவல் இடத்தின் ஆபத்து

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இடம் என்றைக்கு வேண்டுமானாலும் மூடப்படலாம். மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற தமிழ்க் குழுக்கள் யாகூ குழுமங்களில் இயங்கியவை. யாகூ நிறுவனம் 2019 டிசம்பரில் குழுமங்களில் சேர்ந்திருந்த உள்ளடக்கத்தை நீக்கத் தொடங்கியது. 2020 டிசம்பரில் சேவையையே நிறுத்தியது. முன்கூட்டியே படியெடுத்து வைத்தவர்களிடம் மட்டுமே பழைய உரையாடல்கள் எஞ்சின.

ஆகவே மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது அதன் தோற்றத்தைப் பற்றியதன்று. உள்ளே போட்டதை முழுவதுமாக வெளியே எடுக்க முடியுமா என்பதே முதல் கேள்வி. டிஸ்கோர்ஸில் நிர்வாகி முழுத் தளத்தையும் ஒரே காப்புக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். உறுப்பினரும் தாம் எழுதியவற்றைத் தனியே எடுக்கலாம். பிஎச்பிபிபியின் தரவுத்தளத்தை அப்படியே படியெடுக்கலாம். பின்னாளில் பிஎச்பிபிபியிலிருந்து டிஸ்கோர்ஸுக்கு மாற்ற விரும்பினால் அதற்கான இறக்குமதி நிரல்களும் உள்ளன.

எது பொருந்தும்?

பிஎச்பிபிபி 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பிஎச்பி மொழியில் எழுதப்பட்டதால் மிகக் குறைந்த கட்டணத்தில் கிடைக்கும் பகிர்வு வழங்கியிலும் இயங்கும். தோற்றம் பழமையானதுதான், ஆனால் ஓர் ஆள் பார்த்துக்கொள்ளக்கூடியது. டிஸ்கோர்ஸ், ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஜெஃப் அட்வுட் உள்ளிட்ட மூவரால் 2013-இல் வெளியிடப்பட்டது. நிரலை முக்குறியிட்டு எழுதினால் உள்தள்ளல் மாறாமல் வண்ணத்தோடு காட்டும். பைத்தான் மொழியை வளர்ப்போர் 2018 முதல் இதைப் பயன்படுத்துகிறார்கள்; இந்தியாவில் ஃபாஸ் யுனைடெட் அமைப்பின் களமும் இதில்தான் இயங்குகிறது. ஆனால் இதற்குக் குறைந்தது ஒரு ஜிபி நினைவகமுள்ள தனி மெய்நிகர் வழங்கி வேண்டும். டாக்கர் தெரிந்த ஒருவரும் வேண்டும். ஃபிளாரம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. நோட்பிபி ஜாவாஸ்கிரிப்ட் அறிந்தவர்களுக்கு ஏற்றது.

டாக்கர் தெரிந்தவர்கள் இருவராவது குழுவில் இருந்தால் டிஸ்கோர்ஸ் நல்ல தேர்வு. ஒருவர் மட்டுமே என்றால், அவர் வேலை கிடைத்துச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போன பின் களத்தை யார் பார்ப்பார் என்று எண்ணிப் பார்த்து, எளிய பிஎச்பிபிபியை எடுப்பதே மேல்.

பராமரிப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு உபுண்டு பயனர்களின் களம் சான்று. அது விபுல்லட்டின் என்னும் வணிக மென்பொருளில் இயங்கியது. 2013 சூலையில் ஊடுருவப்பட்டு, சுமார் 18 லட்சம் பேரின் பயனர் விவரங்கள் பறிபோயின. 2016 சூலையில் மீண்டும் ஊடுருவல் நிகழ்ந்தது. அப்போது ஒரு துணைநிரலில் ஏற்கெனவே அறியப்பட்ட ஓட்டை அடைக்கப்படாமல் இருந்ததே காரணம். திறமூல மென்பொருளும் புதுப்பிக்காமல் விட்டால் இதே கதிதான்.

தமிழுக்கான சோதனைகள்

நிறுவியவுடன் தமிழில் ஒரு தலைப்பை இட்டுப் பார்க்க வேண்டும். பழைய மைஎஸ்கியூஎல் தரவுத்தளங்களில் இயல்பான குறியாக்கம் லத்தீன் எழுத்துகளுக்கானது; அதை யுடிஎஃப்-8 வகைக்கு மாற்றாவிட்டால் தமிழ் எழுத்துகள் வெறும் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படலாம். அப்படிச் சேர்ந்தவற்றை மீட்க வழியில்லை.

அடுத்தது தேடல். "நிரல்" என்று தேடுபவருக்கு "நிரலை", "நிரலில்" என்று எழுதப்பட்ட பதிவுகளும் கிடைக்க வேண்டும். கணினிக்கு இது எளிதன்று. "நிரல்" என்பதன் இறுதியில் புள்ளி தனிக் குறியீடாக நிற்கிறது; "நிரலை" என்பதில் அந்த இடத்தில் ஐகாரக் குறி வந்துவிடுகிறது. எனவே சொல்லின் தொடக்கத்தை மட்டும் ஒப்பிடும் தேடலுக்கும் இது அகப்படாது. வேற்றுமை உருபை நீக்கி வேர்ச்சொல்லை அறியும் வசதி தேவை. டிஸ்கோர்ஸ் பயன்படுத்தும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தில், 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பு முதல் தமிழுக்கு இவ்வசதி உள்ளது. ஆனால் தரவுத்தளத்தில் இருப்பது மட்டும் போதாது. களத்தின் தேடல் அதைப் பயன்படுத்துகிறதா என்று சோதித்தறிய வேண்டும்.

உரிமையும் பொறுப்பும்

மென்பொருள் திறமூலமாக இருந்தால் அதில் எழுதப்படுவதும் தானாகவே கட்டற்றதாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் மென்பொருள் மூடியது, ஆனால் அதிலுள்ள பதில்கள் படைப்பாக்கப் பொதுமங்கள் உரிமத்தில் உள்ளன. புதிய களம் தன் உரிமத்தை முதல் நாளே அறிவிப்பது நல்லது. நூறு பேர் எழுதிய பின் மாற்ற வேண்டுமானால் நூறு பேரிடமும் ஒப்புதல் கேட்க வேண்டிவரும்.

பள்ளி மாணவர்கள் சேரும் களத்துக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைச் சிறாராகக் கொண்டு, அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் ஒப்புதலைக் கோருகிறது. கைபேசி எண், பிறந்த நாள் போன்ற தேவையற்ற விவரங்களைக் கேட்காமலிருப்பது இருதரப்புக்கும் நல்லது.

தளப்பெயரை ஒரு மாணவரின் சொந்த மின்னஞ்சலில் பதிவுசெய்வது பெருவழக்காக உள்ளது. அவர் ஆண்டுக் கட்டணத்தைக் கட்ட மறந்தால் முகவரியே கைமாறிப் போகலாம். குழுவுக்கெனப் பொது மின்னஞ்சல் வைத்து, கடவுச்சொல்லை இருவர் அறிந்திருப்பது பாதுகாப்பானது. காப்புக் கோப்பைக் களம் இயங்கும் அதே வழங்கியில் வைப்பதால் பயனில்லை. மாதம் ஒருமுறை வேறொரு கணினிக்கு இறக்கி, ஆண்டுக்கு ஒருமுறையாவது அதிலிருந்து களத்தை மீண்டும் எழுப்பிப் பார்க்க வேண்டும்.