கடிதத்தைப் பிரிக்கும் கை

ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து பயிலும் நமக்கு, வீட்டோடு உள்ள தொடர்பெல்லாம் கடிதமும் தொலைபேசியுந்தான். அந்தப் பேச்சை, நமக்குத் தெரியாமல், மூன்றாமவர் ஒருவர் கேட்கலாமா? கேட்கலாம் என்கிறது சட்டம். யார் கேட்கலாம், எப்போது கேட்கலாம், என்ன காரணத்துக்காகக் கேட்கலாம் என்பவையே நாம் அறிய வேண்டியவை. அவற்றுக்கு நம் பாராளுமன்றம் சொல்லிவந்த விடைகளையும், அவ்விடைகளைச் சொன்ன முறையையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

அரசாங்கத்துக்கு ஒற்றே கூடாது என்று நாம் வாதிக்கவில்லை. ஒற்றாடலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். ஆனால், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்றும் அவரே விதித்தார். மறைவில் நடக்கும் வேலைக்கு மேற்பார்வை வேண்டும் என்பது நமக்குப் புதிய கருத்தன்று.

ஆங்கிலேயர் 1885-ல் இயற்றிய தந்திச் சட்டம், செய்திகளை இடைமறிக்கும் அதிகாரத்தை அரசாங்கத்துக்கு அளித்தது. ஆயினும் அதற்கு ஒரு பூட்டும் இட்டது. பொது நெருக்கடி நேர வேண்டும். அல்லது பொதுமக்கள் பாதுகாப்புக்கு அவசியமாக வேண்டும். இவ்விரண்டும் இல்லையேல் அதிகாரமும் இல்லை. 1898-ம் ஆண்டுத் தபால் சட்டத்திலும் இத்தகைய பூட்டு இருந்தது. அந்நிய ஆட்சி அதை எவ்வளவு மதித்தது என்பது வேறு கதை. ஏட்டிலாவது அது இருந்தது என்பதை நினைவில் கொள்வோம்.

சுதந்திர இந்தியாவில் 1986-ல் ஒரு மசோதா வந்தது. கடிதங்களைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரத்தை அது விரிவாக்கிற்று. இரு சபைகளும் அதை நிறைவேற்றின. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்திடவில்லை, மறுக்கவுமில்லை. இத்தனை நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்லாததால், மசோதா அவர் மேசையிலேயே தங்கிற்று. அவருக்குப் பின் வந்தவர் தஞ்சை மாவட்டத்தில் பிறந்த திரு. ஆர். வெங்கட்ராமன். அவர் அதை மறு ஆலோசனைக்காகப் பாராளுமன்றத்துக்கே திருப்பி அனுப்பினார். 2002-ல் அரசாங்கம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மக்கள் பிரதிநிதிகள் கேட்கத் தவறிய கேள்வியைக் குடியரசுத் தலைவர்கள் கேட்டார்கள் என்பது மகிழ்ச்சிக்குரியதா, வருந்தத் தக்கதா?

தொலைபேசிக்குக் காவல் தேடித் தந்தது உச்ச நீதிமன்றம். ஒட்டுக் கேட்க உள்துறைச் செயலாளரின் எழுத்து மூலமான ஆணை வேண்டும். அது இரண்டு மாதமே செல்லும். நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டலாகாது. ஆணைகளை ஒரு குழு மறு ஆய்வு செய்ய வேண்டும் என்று 1996 டிசம்பரில் அது தீர்ப்பளித்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அக்குழுவில் இருப்போர் யாவர்? ஆணையிடுபவரும் அரசாங்கச் செயலாளர். ஆய்வு செய்வோரும் அரசாங்கச் செயலாளர்கள். நீதிபதி ஒருவர்கூட இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் மத்தியக் குழுவின் முன், ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகள் வருவதாக நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவின் 2018-ம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. குழுவினர் எட்டு மணி நேரம் எழாமல் அமர்ந்திருந்தாலும் ஓர் ஆணைக்கு இரண்டு விநாடிகூடக் கிடைக்காது. இதற்கு ஆய்வு என்று பெயர்!

அடுத்து கணிப்பொறிக்கு வருவோம். 2008 நவம்பரில் மும்பையில் கொடிய தாக்குதல் நடந்தது. டிசம்பரில் தகவல் தொழில்நுட்பச் சட்டத் திருத்தத்தை இரு சபைகளும் கூச்சலுக்கிடையே விவாதமின்றி நிறைவேற்றின. அதன் 69-ம் பிரிவில் 1885-ன் பூட்டு இல்லை. எந்தக் குற்றத்தின் புலனாய்வுக்காகவும் இடைமறிக்கலாம் என்று காரணம் மட்டும் பெருகியது. அதே திருத்தத்தில் நுழைந்த 66ஏ பிரிவைச் செல்லாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. சபையில் எழுந்திருக்க வேண்டிய கேள்வி, ஆறாண்டு கழித்து நீதிமன்றத்தில் எழுந்தது.

2017 ஆகஸ்டு 24-ல் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அதில் தலையிடச் சட்டம் வேண்டும்; நியாயமான நோக்கம் வேண்டும்; தலையீடு நோக்கத்தின் அளவை மீறலாகாது. இவையே மன்றம் வகுத்த அளவுகோல்கள்.

சட்டம் வேண்டும் என்றது மன்றம். 2023-ல் சட்டங்கள் வந்தன. ஆகஸ்டில் வந்தது தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம். தான் குறிப்பிடும் அரசாங்க அமைப்புகளுக்கு அதிலிருந்து விலக்களிக்க மத்திய அரசாங்கத்துக்கே அது அதிகாரம் தந்தது. டிசம்பரில் புதிய தபால் சட்டம் நிறைவேறியது. நாட்டின் எந்தச் சட்டம் மீறப்பட்டாலும் கடிதத்தைப் பிரிக்க அது இடமளிக்கிறது. 1986-ல் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்த அதிகாரத்தைக் காட்டிலும் இது சிறியதென்று எவரும் சொல்ல முடியாது. அதே மாதம் 18-ல் கொண்டுவரப்பட்ட தொலைத்தொடர்பு மசோதா, 21-ம் தேதிக்குள் இரு சபைகளையும் கடந்துவிட்டது. அந்தக் கூட்டத்தொடர் முடிவதற்குள் எதிர்க்கட்சி உறுப்பினர் 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். பதினைந்தாம் மக்களவையில் நூற்றுக்கு 71 மசோதாக்கள் குழுக்களின் ஆய்வுக்குச் சென்றன. பதினேழாம் மக்களவையில் 16-தான்.

சட்டத்தின் ஒரு சொல்லுக்கு இவ்வளவு மதிப்பா என்று கேட்பவர்களுக்குச் சென்னையிலிருந்து விடை உண்டு. லஞ்சக் குற்றத்தைக் கண்டுபிடிக்க 2011-ல் இடப்பட்ட ஓர் ஒட்டுக் கேட்பு ஆணையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 2-ல் ரத்துச் செய்தது. லஞ்சம் குற்றமே, ஆனால் அது 1885-ம் ஆண்டுச் சட்டம் சொன்ன பொது நெருக்கடி ஆகாது என்பது அதன் கருத்து. ஊழலும் பொதுப் பாதுகாப்பைத் தொடும் என்று அதற்குச் சில நாள் முன்னர் தில்லி உயர் நீதிமன்றம் வேறு விதமாகக் கருதியது. எனினும், வாதிடுவதற்கு அங்கே ஒரு பூட்டாவது இருந்தது. பூட்டே இல்லாத சட்டத்தை வைத்துக்கொண்டு எந்த வக்கீல் என்ன வாதிடுவார்?

ஒட்டுக் கேட்கப்பட்டவருக்குப் பின்னராவது அதைத் தெரிவிக்க வேண்டும் என்று நம் சட்டம் சொல்லவில்லை. தெரியாத தீங்குக்கு யார் வழக்குத் தொடுப்பார்? ஆகவே, இந்த அதிகாரத்தை அளக்க வேண்டிய இடம் முதலில் பாராளுமன்றமே. ஆணையை நீதிபதி ஒருவர் ஆராய வேண்டும்; காரியம் முடிந்தபின் உரியவருக்கு அறிவிக்க வேண்டும்; இத்தகைய மசோதா எதுவும் குழுவின் ஆய்வின்றி நிறைவேறக் கூடாது. இம்மூன்றும் நாட்டின் பாதுகாப்பைக் குலைப்பவை அல்ல.

நண்பர்களே, நம்மில் சிலர் நாளை வழக்கறிஞராவோம். சிலர் ஆட்சிப் பணிக்குச் செல்வோம். பாராளுமன்றத்தில் அமர்பவரும் இருக்கலாம். ஆணையில் கையெழுத்திடும் பேனா நம்மில் ஒருவர் கையிலேயே இருக்கும் நாளும் வரும். மசோதாவை முழுதும் படிக்கும் பழக்கத்தை இன்றே தொடங்குவோம்.