தபால் துறை நட்டம் யார் தலையில்?

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய நம் பிள்ளைகள் பலர் ஜி.டி.எஸ். எனப்படும் கிராம அஞ்சல் ஊழியர் பணிக்கு விண்ணப்பிக்கிறார்கள். தேர்வு இல்லை, நேர்காணல் இல்லை. மதிப்பெண்ணும் இடஒதுக்கீடும்தான் கணக்கு. ஆனால் அறிவிப்பில் உள்ள இரண்டு நிபந்தனைகளை யாரும் ஊன்றிப் படிப்பதில்லை. பிழைப்புக்கு வேறு வருமானம் இருக்க வேண்டும். கிளை அஞ்சலகத்துக்கான இடத்தை போஸ்ட் மாஸ்டரே ஏற்பாடு செய்ய வேண்டும்.

வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு இது. நிலமும் வீடும் உள்ளவர், பள்ளி வாத்தியார், கடைக்காரர் எனப் பார்த்துத் தபால் பையைக் கொடுத்து, சொற்பத் தொகையில் வேலையை முடித்துக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையே தபாலாபீஸ். இன்று அந்த வேலைக்கு நிலமில்லாத வீட்டுப் பெண் வருகிறார். விதி மட்டும் நிலக்காரருக்கு எழுதியதாகவே நிற்கிறது. ஊர்த்தெருவில் அவருக்கு வாடகைக்கு இடம் கொடுப்பவர் யார்? காலனியில் வைத்தால் ஊர்க்காரர்கள் படியேறி வந்து பணம் கட்டுவார்களா? தபால் துறை இதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

துறை நட்டத்தில் ஓடுகிறது என்பது உண்மை. 2018-19இல் பற்றாக்குறை 15,000 கோடி ரூபாய் எனச் செய்தி வந்தது. 50 காசு அஞ்சலட்டையைக் கொண்டுசேர்க்க 10 ரூபாய்க்கு மேல் செலவாகிறது. மொத்தச் செலவில் பெரும்பகுதி சம்பளமும் ஓய்வூதியமும் என்கிறார்கள். அந்த ஓய்வூதியத்தில் கிராம ஊழியருக்குப் பங்கே கிடையாது. நாட்டில் உள்ள சுமார் 1,65,000 அஞ்சலகங்களில் பத்துக்கு ஒன்பது கிராமங்களில்தான் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இவர்களை நம்பியே நடக்கின்றன.

இவர்கள் வகிப்பது அரசுப் பதவிதான் என்று 1977இல், பி.கே.ராஜம்மா வழக்கில், உச்ச நீதிமன்றம் சொன்னது. விசாரணையின்றி நீக்க முடியாது என்ற பாதுகாப்பு அதனால் கிடைத்தது. சம்பளம் மாறவில்லை. 2018 மே 22இல் தொடங்கிய வேலைநிறுத்தம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தது. அதன் பிறகே, 4 மணி நேர வேலைக்கு போஸ்ட் மாஸ்டருக்கு 12,000, தபால் கொடுப்பவருக்கு 10,000 எனத் தொடக்க ஊதியமும் அதன்மேல் பஞ்சப்படியும் வந்தன. பின்னர் நிரந்தரப் பணிக்குப் போனவர்கள், ஜி.டி.எஸ். ஆக உழைத்த ஆண்டுகளையும் ஓய்வூதியத்துக்குச் சேர்க்கக் கேட்டார்கள். 2019இல் அதே நீதிமன்றம் முடியாது என்றது.

நான்கு மணி நேரம் என்பதும் காகிதத்தில்தான். முதியோர் உதவித்தொகைக்கு வரும் பாட்டியிடம் நேரம் முடிந்துவிட்டது என்று எந்த போஸ்ட் மாஸ்டர் சொல்வார்?

பிள்ளைகளே, விண்ணப்பியுங்கள், இடஒதுக்கீட்டில் வரும் இடத்தை விடாதீர்கள். தேர்வானதும், அஞ்சலகத்துக்கு ஊராட்சிக் கட்டடத்தில் ஓர் அறை கேட்டு மனு கொடுங்கள். கிராம சபையிலும் பேசுங்கள். மனுவின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள்.