கரடியனாற்றிலிருந்து தம்பானைக்கு

செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் பெருந்தெருவிலே, மட்டக்களப்பு வாவியோரத்து வயல்வெளிகளைக் கடந்து மேற்கு நோக்கிப் போகும் பிரயாணிக்கு, மலைநாடு இனி வருமென்று முதலில் அறிவிப்பவை கரடியனாற்றுப் பக்கத்துக் குசலானமலை முதலிய கற்குன்றுகளே. அப்பால் வெந்நீரூற்றுக்குப் பெயர்போன மகாஓயாவையும் தாண்டிப் பதியத்தலாவையிலே மகியங்கனைப் பாதைக்குத் திரும்பினால், மலையடிவாரத்திலே இருப்பது தம்பானை. நகரம் என்று சொல்லத்தக்கதன்று. எனினும் இலங்கையின் ஆதிவாசிகள் என்றதும் யாவர் நினைவிலும் எழுவது இச்சிற்றூரே.

ஊருவரிகே வன்னில அத்தோவின் தலைமையிலே வாழும் இவ்வூர் வேடர், தோளிலே கைக்கோடரி தொங்க வந்து, விருந்தினரின் முன்கைகள் இரண்டையும் பற்றி வரவேற்பர். வில், அம்பு, மரச்செதுக்கு வேலைகள், தேன் யாவும் விலைக்குண்டு. இவர்கள் வேட்டையாடித் திரிந்த காடு 1983 இல் மாதுறு ஓயா தேசிய வனமாகப் பிரகடனம் செய்யப்பட, குடும்பங்கள் பல மகாவலிக் குடியேற்றங்களுக்குப் பெயர்ந்தன. அத்தோவின் தந்தையாராகிய முதுபெருந்தலைவர் திசாஹாமியோ இறுதிவரை தம்பானையை விட்டு அசையவில்லை. வேட்டைக்கு உதவாத அம்பு விற்பனைக்கு வந்த காரணம், காடு இவ்வாறு கைவிட்டுப்போனதே. பேரம் பேசுவோர் இதைச் சற்று நினைத்துக்கொள்வது நன்று.

அம்பு வாணிகத்துக்கும் பழைய சரித்திரம் ஒன்றுண்டு. கண்டி இராச்சியத்திலே சிறையிருந்து மீண்ட றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலிலே, வேடர் இரவிலே வந்து, தமக்கு வேண்டிய அம்புமுனையின் வடிவாக ஓர் இலையைக் கத்தரித்து, இறைச்சியோடு சேர்த்துக் கொல்லன் பட்டறையிலே தொங்கவிட்டுப் போவர் என்றும், அவன் அவ்வண்ணமே செய்து வைத்தால் மேலும் இறைச்சி கிடைக்குமென்றும், செய்யாவிடில் தீங்கு நேருமென்றும் எழுதியிருக்கிறார். ஆகவே, ஆதிவாசிகளின் கைவினை என்று நாம் வியக்கும் அம்பிலே, முகங்காணாத கொல்லன் ஒருவனுக்கும் பாதிப் பங்குண்டு!

இனி, வேடரைக் காண மேற்கே பிரயாணம் செய்யும் நம்மவர், கிழக்கே வாகரைக் கரையோரத்திலே தமிழே பேசி, மீன்பிடித்தும் சேனை செய்தும் வாழும் வேடரை ஏனோ எண்ணுவதில்லை. 1911 இல் செலிக்மன் தம்பதியர் வெளியிட்ட ஆராய்ச்சி நூலோ இக்கரையோர வேடருக்கும் இடமளித்தது. தோளிலே கோடரியும் வாசலிலே கடையும் இல்லாமையால், அயலவரிலிருந்து இவர்களைப் பிரித்தறிய வழிப்போக்கனால் இயலாது. தெய்வங்களுக்குச் சடங்கெடுக்கும் நாளிலே, ஊரவர் ஒருவர் அழைத்துப்போனால் தெரியவரும்.