திவாலானாலும் தொட முடியாத சொத்து

டெக்சாஸில் ஒருவர் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால், அவரிடம் எதையெல்லாம் விட்டுவைக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமே பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. 12 மாடுகள், 120 கோழிகள், 2 துப்பாக்கிகள், 2 குதிரைகள், அவற்றுக்குச் சேணம், கடிவாளம். இவற்றோடு கார், நகை, தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் சேர்த்துக் குடும்பத்துக்கு 1,00,000 டாலர் வரை. குடியிருக்கும் வீடு தனிக்கணக்கு. அதன் மதிப்புக்கு உச்சவரம்பே கிடையாது. நகரமானால் 10 ஏக்கர், கிராமப்புறக் குடும்பமானால் 200 ஏக்கர் என்று பரப்புக்கு மட்டும்தான் எல்லை.

டெக்சாஸ் தனிக் குடியரசாக இருந்தபோது, 1839இல் போட்ட சட்டத்தின் வழிவந்தது இது. உழுது பிழைப்பவனின் நிலத்தையும் மாட்டையும் பிடுங்கிவிட்டால் அவன் எதை வைத்து மறுபடி எழுவான்? நியாயமான கேள்வி.

அமெரிக்காவில் திவால் வழக்கை விசாரிப்பது மத்திய நீதிமன்றம். ஆனால் எந்தச் சொத்து தப்பும் என்பது பெரும்பாலும் மாநிலத்தின் கையில். 1978 சட்டம் ஒரு மத்தியப் பட்டியலைத் தந்து, வேண்டாத மாநிலங்கள் ஒதுங்கிக்கொள்ளவும் வழிவிட்டது. பெரும்பான்மை மாநிலங்கள் ஒதுங்கிக்கொண்டன. நம்மவர்கள் நிறைய வாழும் நியூ ஜெர்சியில் மத்தியப் பட்டியலைத் தேர்ந்தெடுக்கலாம். 2025 ஏப்ரல் முதல் அதில் வீட்டுக்கு 31,575 டாலர், காருக்கு 5,025, நகைக்கு 2,125. இன்றைய தங்க விலையில் ஒரு தாலிக்கொடிக்கே இது போதாது. நல்லவேளையாக, வாடகைக்கு இருப்பவர் பயன்படுத்தாத வீட்டு விலக்கில் 15,800 டாலர் வரை நகைக்குத் திருப்பிக்கொள்ளலாம்.

என்னை உறுத்துவது ஃபுளோரிடா. அங்கும் வீட்டு மதிப்புக்கு வரம்பில்லை. நகரத்துக்குள் அரை ஏக்கரில் எத்தனை கோடிக்கு மாளிகை எழுப்பியிருந்தாலும் கடன் கொடுத்தவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். கடைசி நேரத்தில் அங்கே குடிபெயர்ந்து பணத்தை வீட்டில் முடக்கும் பணக்காரர்களைத் தடுக்க 2005இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டது. மனு போடுவதற்கு முந்தைய 1,215 நாட்களுக்குள் வாங்கிய வீடென்றால் இப்போது 2,14,000 டாலர்தான் தப்பும். நாள் பார்த்துத் திட்டமிடுபவருக்கு இது தடையே அல்ல. அதே ஊரில் வாடகைக்கு இருப்பவருக்கோ காருக்கு 5,000 டாலர், சாமான்களுக்கு இன்னொரு 5,000. காருக்கான அந்தத் தொகையும் 2024 வரை வெறும் 1,000 டாலராகத்தான் இருந்தது.