நாற்றமில்லாத இரைப் பெட்டி

நம் பிள்ளைகளில் சிலருக்கு வெளிநாட்டுப் பல்லி வளர்க்க ஆசை. பல்லியைப் பெற்றோர் பொறுத்துக்கொள்வார்கள். அதற்கு இரையாகும் பூச்சிகளின் நாற்றத்தைத்தான் பொறுக்கமாட்டார்கள். ஸ்ரீவராகத்தில் என் வீட்டில் நான் கையாளும் முறை இது.

நாற்றத்துக்குக் காரணம் ஈரம். சுவர்க்கோழிக்குத் தண்ணீர் வைக்க வேண்டும், செத்தவை அழுகும். மாவுப்புழுவுக்கோ உலர்ந்த கோதுமைத் தவிடே வீடு, அதுவே உணவு. தாகத்துக்கு ஒரு துண்டு காரட் போதும். மறுநாள் எடுத்துவிட வேண்டும்.

சாலைக் கடைத்தெருவில் தவிடு வாங்கி, வெயிலில் காயவைத்து, வழுவழுப்பான பிளாஸ்டிக் டப்பாவில் 2 அங்குலம் பரப்புகிறேன். புழு அதில் ஏறாது. எச்சம் மணல்போல் உதிர்வதால், மாதம் ஒருமுறை ரவைச் சல்லடையில் சலித்தால் போதும். கழுவும் வேலை இல்லை. எச்சம் செடிக்கு உரம். தூசி சிலருக்கு ஒவ்வாது. மூக்கை மூடி, வெளியில் வைத்துச் சலியுங்கள். வண்டாக மாறியவற்றை வேறு டப்பாவில் விட்டால் முட்டைகள் சலிப்பில் போகாது.

இடவப்பாதி மழைக்காலத்தில் தவிட்டில் பூஞ்சையும் நுண்ணிய உண்ணியும் வரும். அப்போது காரட்டைக் குறையுங்கள்.

இப்புழுவில் சுண்ணாம்புச் சத்து குறைவு. கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுக்காவிட்டால் பல்லியின் எலும்பு வளையும்.

ஒன்று மறவாதீர்கள்: நம் நாட்டு உடும்பையும் நட்சத்திர ஆமையையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் காக்கிறது. அவற்றைப் பிடித்து வளர்ப்பது குற்றம்.